ரோமில் ஒரு நாள் நடை: கொலோசியம் கிடையாது, இருந்தாலும் போகலாம்

இந்த டூரில் கொலோசியம் கிடையாது. பதிவு செய்யும் இடத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அப்படியும் எங்கள் குழுவில் இருந்த 11 பேரில் ஒரு தம்பதி, மதியம் வரைக்கும் "கொலோசியம் எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார்கள். பாவம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ரோமுக்கு ஒருமுறை வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் எதைப் பார்ப்பது?

நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எடுத்தேன். ரோமைச் சுற்றி இருந்தவர்கள் ரோமை எப்படி உருவாக்கினார்கள் என்று காட்டும் ஒரு நாள் நடை. காலை 9 மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்தரை வரை, ஆளுக்கு 110 யூரோ, இரண்டு அருங்காட்சியக டிக்கெட் அதில் சேர்த்தி, சாப்பாடு நம் செலவு. நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை. கொஞ்சம் குறை சொல்லப்போகிறேன், தவிர இந்த மாதிரி நடையில் நல்லதும் கெட்டதும் அன்றைக்கு வருகிற கைடைப் பொறுத்தது. எங்களுக்கு வந்தது தொல்லியல் படிக்கும் ஓர் இளம்பெண். நன்றாகப் பேசினார், சில இடத்தில் அளவுக்கு மீறி நன்றாக.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இது கிரேக்கரிடமிருந்து வந்தது, அது எட்ருஸ்கரிடமிருந்து வந்தது" என்று பட்டியல் வாசித்த இடமெல்லாம் சப்பென்று இருந்தது. இரவல் வாங்கியதை ரோமர்கள் எங்கே வெட்டினார்கள், எங்கே ஒட்டினார்கள் என்று தையல் தெரிகிற பொருளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியபோது, 110 யூரோ போனதே தெரியவில்லை.

முதலில் வில்லா ஜூலியா. மூன்றாம் ஜூலியஸ் என்ற போப் 1550களில் தனக்காகக் கட்டிக்கொண்ட மாளிகை, 1889இலிருந்து எட்ருஸ்கர்களுக்கான அருங்காட்சியகம். (தனியாகப் போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை.) எட்ருஸ்கர்கள் என்றால் டைபர் ஆற்றுக்கு வடக்கே நகரம் நகரமாக வாழ்ந்தவர்கள், ரோம் இன்னும் ஊர் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வளராத காலத்திலேயே கடல் வணிகத்தில் கொழித்தவர்கள். ரோமின் ஐந்தாவது அரசரே அங்கிருந்து வந்தவர்தான். ரோமர்கள் சொல்லிவந்த கதைப்படி அவருடைய அப்பா கொரிந்திலிருந்து ஓடிவந்த கிரேக்கர், அம்மா தர்க்வீனியைச் சேர்ந்த எட்ருஸ்கப் பெண். கலப்புக் குடும்பத்துப் பிள்ளை என்று சொந்த ஊரில் மதிப்பு கிடைக்கவில்லை, மனைவி "வாருங்கள் ரோமுக்குப் போவோம், அங்கே யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள்" என்று கூட்டி வந்தார், அரசராகவே ஆகிவிட்டார். கதையில் எத்தனை சதவீதம் உண்மையோ, தங்களைப் பற்றி ரோமர்களே இப்படி ஒரு கதை வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. வந்தேறி என்று மறைக்கவில்லை.

எல்லோரும் கூடி நிற்பது தம்பதியர் ஈமப்பேழை முன்னால். செர்வெத்தேரி என்ற எட்ருஸ்க நகரத்தில் கிடைத்த சுடுமண் சிற்பம், கி.மு. 6ஆம் நூற்றாண்டு, சுமார் 400 துண்டுகளாகக் கிடந்ததை ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். கணவனும் மனைவியும் விருந்துக் கட்டிலில் ஒருக்களித்துச் சாய்ந்திருக்கிறார்கள், அவன் கை அவள் தோளில். இரண்டு பேர் முகத்திலும் அந்தக் காலத்துக் கிரேக்கச் சிலைகளில் வருகிற அதே சிரிப்பு, அதே பாதாம் கண். சாய்ந்து சாப்பிடும் வழக்கமும் கிழக்கிலிருந்து கிரேக்கர் வழியாக வந்ததுதான். ஆனால் கிரேக்க விருந்தில் மனைவிக்கு இடமில்லை! எட்ருஸ்கப் பெண்கள் ஆண்களோடு சரிசமமாகச் சாய்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக் கிரேக்க எழுத்தாளர்கள் கன்னாபின்னாவென்று எழுதி வைத்திருக்கிறார்கள். பாணியை வாங்கினார்கள், வீட்டு வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தம்மாவின் காலைக் கவனியுங்கள், முனை மேல்நோக்கி வளைந்த செருப்பு. அத்தனை பேர் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், காலை யாரும் எடுக்கவில்லை.

பிர்ஜி தங்கத் தகடுகளும் இங்கேதான். மொத்தம் மூன்று, 1964இல் கடலோரக் கோயில் ஒன்றில் கிடைத்தவை, கி.மு. 500 வாக்கில் எழுதியவை. இரண்டு எட்ருஸ்க மொழியில், ஒன்று ஃபினீஷிய மொழியில். செர்வெத்தேரியை ஆண்ட தெஃபாரியே வெலியானாஸ் ஒரு பெண் தெய்வத்துக்குக் காணிக்கை செலுத்துகிறார். எட்ருஸ்க மொழியில் அவள் பெயர் ஊனி, ஃபினீஷிய மொழியில் அஸ்தார்த்தே. ஆணி அடித்த ஓட்டை வரைக்கும் தெரிகிறது. ரோமிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், கார்தேஜ் (வட ஆப்பிரிக்காவில் ஃபினீஷியர்கள் குடியேறிய நகரம்) வணிகர்கள் வந்து படிக்கிற மாதிரி அவர்கள் பக்கத்து மொழியில் பலகை வைத்திருக்கிறார்கள் என்றால், ரோம் ஏதோ தனிக்காட்டில் வளர்ந்தது என்ற எண்ணமே அங்கே போய்விடும். கைடு இதற்கு நாலு நிமிடம்தான் ஒதுக்கினார். அரை மணி நேரம் நின்றிருக்கலாம்.

அவர் நேரத்தை மிச்சம் பிடித்தது எதற்கு என்று அப்புறம் புரிந்தது: ஃபிகொரோனி பேழைக்கு. நாள் முழுக்கப் பார்த்ததில் என்னை அசைத்தது இதுதான். பெண்கள் அலங்காரப் பொருள் வைத்துக்கொள்ளும் உருளை வடிவ வெண்கலப் பெட்டி, கிட்டத்தட்ட முழங்காலுக்கு மேல் உயரம், கி.மு. 4ஆம் நூற்றாண்டு. கிடைத்த இடம் ரோமுக்குக் கிழக்கே பிரைநெஸ்தே, இன்றைய பலஸ்திரீனா. சுற்றிலும் ஊசியால் கீறிய மாதிரி படம். கதை கிரேக்கக் கதை: தங்க ஆட்டுத்தோல் தேடிப் போனவர்கள் தண்ணீருக்காக ஒரு கரையில் இறங்குகிறார்கள், அந்த நாட்டு அரசன் அமிகஸ் குத்துச்சண்டையில் தன்னை ஜெயித்தால்தான் தண்ணீர் என்கிறான், பொலிடியூசஸ் அவனை அடித்து மரத்தில் கட்டிப்போடுகிறான். படத்தின் ஒரு மூலையில் ஒருவன் தொங்கும் பையைக் குத்திப் பயிற்சி செய்ய, பக்கத்தில் தொப்பை வைத்த கிழட்டு சைலீனஸ் அவனைக் கேலி பண்ணித் தன் வயிற்றையே குத்திக்கொள்கிறான். 2,300 வருடத்துக்கு முந்தைய நக்கல், இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

மூடியில் இருப்பதுதான் விஷயம். பழைய லத்தீனில் எழுதியிருக்கிறது: தின்தியா மகோல்னியா மகளுக்குக் கொடுத்தாள், நோவியோஸ் பிளௌதியோஸ் என்னை ரோமில் செய்தான். பெட்டியே பேசுகிறது, பாருங்கள். கிரேக்கக் கதை, எட்ருஸ்கர்கள் கைதேர்ந்த வெண்கலக் கீறல் வேலை, வாங்கியது பிரைநெஸ்தேக்காரி, செய்தவன் பெயரைப் பார்த்தால் தெற்கே ஆஸ்கன் மொழி பேசியவர்கள் பக்கம் போகிறது, பட்டறை ரோமில். ரோம் அப்போது பேரரசு எல்லாம் கிடையாது, பக்கத்து ஊர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நகரம்.

இதில் இன்னொரு சுவாரசியம் ஒளிந்திருக்கிறது. அந்த அம்மாவின் குடும்பப் பெயரில் நடுவில் வருவது லத்தீன் 'சி' எழுத்து, ஆனால் ஒலி 'ஜி'யின் ஒலி. காரணம், நேப்பிள்ஸ் பக்கம் குடியேறிய கிரேக்கர்களிடமிருந்து எழுத்தை வாங்கிய எட்ருஸ்கர்களுக்கு க-வின் வல்லோசையும் மெல்லோசையும் தனித்தனி இல்லை. கிரேக்க மூன்றாம் எழுத்தான காமாவை வல்லோசைக்கே வைத்துக்கொண்டார்கள். எட்ருஸ்கர் வழியாக எழுதக் கற்ற ரோமர்களுக்கோ இரண்டும் வேண்டும், எழுத்து ஒன்றுதான். கொஞ்ச காலம் அதையே இரண்டுக்கும் ஓட்டி, கி.மு. 3ஆம் நூற்றாண்டில்தான் அதே எழுத்துக்கு ஒரு சின்னக் கோடு போட்டு 'ஜி'யை உண்டாக்கினார்கள். கையஸ் என்ற பெயரைக் கடைசிவரை 'சி' போட்டுச் சுருக்கியது அந்தப் பழைய மிச்சம். கைடு இதை விளக்க ரொம்பச் சிரமப்பட்டார். கூட்டத்தில் முழித்தவர்கள் பலர், எனக்கு மட்டும் எந்தச் சிரமமும் இல்லை. ஒரே 'க'வை வைத்துக்கொண்டு காகம், கங்கை, அகம் எல்லாம் எழுதிப் பழகியவர்களுக்கு இது ஒரு பிரச்சினையா?

அப்புறம் சொதப்பல். அடுத்த இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டிய வேன் 40 நிமிடம் வரவில்லை. வெயிலில் வாசலில் நின்றோம். காதில் மாட்டக் கொடுத்த ரேடியோ கருவிகளில் இரண்டு அதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது, அதில் ஒன்று என்னுடையது. மாற்று இல்லை, பக்கத்தில் வந்து நின்று கேளுங்கள் என்றார்கள். இந்த விலைக்கு இது அநியாயம். எழுதிக் கேட்டதற்கு மன்னிப்பு மட்டும் வந்தது, பணம் வரவில்லை.

கேப்பிடல் குன்றின் அருங்காட்சியகத்தில் எல்லோரும் மார்கஸ் ஆரேலியஸின் குதிரைச் சிலையைப் பார்க்க, கைடு எங்களைத் திருப்பிச் சுவர் பக்கம் நிறுத்தினார். ஜூபிடர் கோயிலின் அடித்தளம், பெரிய பெரிய கற்களை அடுக்கிய சுவர். பழைய மரபுப்படி கி.மு. 509இல், குடியரசு தொடங்கிய வருடமே, பிரதிஷ்டை ஆன கோயில். ரோமின் தலையாய கோயில், ஆனால் கட்ட ஆரம்பித்தது டார்க்வின் அரசர்கள், அந்த ஐந்தாவது அரசரின் குடும்பம். உள்ளே இருந்த சுடுமண் ஜூபிடர் சிலையைச் செய்ய பக்கத்து எட்ருஸ்க நகரமான வெயியிலிருந்து வுல்கா என்ற கலைஞரை வரவழைத்ததாக ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கூரை மேல் வைக்க நாலு குதிரை ரதமும் வெயியில்தான் சொல்லியிருந்தார்கள். சூளையில் வைத்தால் சாதாரணமாக மண் சுருங்கும், இந்த ரதம் ஊதிப் பெருத்துச் சூளையையே உடைத்து எடுக்க வேண்டியதாகிவிட்டதாம். இது யோக ரதம் என்று வெயிக்காரர்கள் தர மறுத்துவிட்டார்கள் என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். கி.மு. 396இல் ரோம் வெயியையே பிடித்துக்கொண்டது. அப்போதும் ஊரைக் கொள்ளையடித்த கையோடு நின்றுவிடாமல், அவர்கள் தெய்வமான ஜூனோவின் சிலையிடம் "ரோமுக்கு வருகிறாயா?" என்று கேட்டதாகவும் சிலை தலையசைத்ததாகவும் கதை. அழைத்துப் போய்க் கோயில் கட்டினார்கள். எதிரியின் சாமியைச் சம்மதம் கேட்டு எடுத்துக்கொண்டு போகிற இந்தச் சாமர்த்தியம் இருக்கிறதே!

ஓநாய்ச் சிலைக்கு வருகிறேன். இரட்டைக் குழந்தைகள் பால் குடிக்கும் அந்த வெண்கல ஓநாய். கைடு கொஞ்சமும் யோசிக்காமல் "எட்ருஸ்க வேலைப்பாடு, கி.மு. 5ஆம் நூற்றாண்டு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ரொம்ப காலம் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் வார்ப்பு முறையையும் கரிமக் காலக்கணிப்பையும் வைத்து அது இடைக்காலத்தில், 11, 12ஆம் நூற்றாண்டு வாக்கில் வார்த்தது என்று சொல்லும் ஆய்வுகள் வந்து வருடங்களாகின்றன. குழந்தைகள் 15ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை என்பதில் சண்டையே இல்லை. நான் கேட்டபோது "ஆமாம், அப்படியும் சொல்கிறார்கள்" என்றார். அதை நான் கேட்காமலே சொல்லியிருக்கலாம். இதே மாதிரி, வளைவைக் கண்டுபிடித்தது எட்ருஸ்கர்கள் என்றும் ஒரு போடு போட்டார். மெசபடோமியாவில் அதற்கு வெகுகாலம் முன்பே வளைவு இருந்தது.

கோபத்தைத் தணித்தது, பழைய ரோமின் பொதுத்திடலான ஃபோரம் தெரியும் ஜன்னல். அருங்காட்சியகத்தின் அடிப்பகுதியிலிருந்து ஃபோரம் முழுக்கக் கீழே விரியும். அங்கே நிறுத்தி ஒரு சூரிய கடிகாரக் கதை சொன்னார். கி.மு. 263இல் சிசிலியின் கத்தானியாவைப் பிடித்த தளபதி அங்கிருந்த சூரிய கடிகாரத்தைக் கொண்டுவந்து ஃபோரத்தில் நாட்டுகிறார். கத்தானியா ரோமுக்கு நாலு பாகைக்கும் மேல் தெற்கே, அந்த ஊர் வெயிலுக்கு இழுத்த கோடு ரோமுக்குப் பொருந்தாது. பிளினி கணக்குப்படி ரோமர்கள் 99 வருடம் அந்தத் தப்பான மணியைப் பார்த்தே காலம் தள்ளினார்கள், கி.மு. 164இல்தான் ரோமுக்கென்று கணக்குப் போட்டு இன்னொன்று வைத்தார்கள். என்னைக் கேட்டால் கிரேக்கத் தாக்கம் பற்றி எழுதிய பெரிய பெரிய புத்தகத்தையெல்லாம் விட இந்த 99 வருடம் அதிகம் சொல்கிறது. எடுத்து வந்த பொருள் ஊருக்கு ஒத்துவரச் சில சமயம் மூன்று தலைமுறை ஆகும்.

சாப்பாடு பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் காட்டிய இடம் விலை அதிகம், நடந்து தள்ளிப்போய்ச் சாப்பிடுங்கள்.

மதியம் ஆற்றோரம், பழைய மாட்டுச் சந்தைத் திடல். சாலைக்கு எதிர்ப்புறம், 'உண்மையின் வாய்' என்று பேர்பெற்ற கல் முகத்தின் வாய்க்குள் கைவிட்டுப் படம் எடுக்க நீண்ட வரிசை. இந்தப் பக்கம் 2,000 வருடத்துக்கு மேல் பழைய இரண்டு கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில், பார்க்க நாங்கள் மட்டும். வட்டக் கோயில் ஹெர்குலிஸுக்கு, கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசி, ஏதென்ஸ் பக்கத்துப் பென்டெலிக் பளிங்கு, சுற்றிலும் படி, எந்தப் பக்கமிருந்தும் ஏறலாம். சுத்தமான கிரேக்கம், இறக்குமதிச் சரக்கு. அடுத்தது துறைமுகக் கடவுள் போர்த்தூனஸுக்கு, கொஞ்சம் பிந்தியது. முன்னால் நிற்கும்போது கிரேக்கக் கோயில் மாதிரிதான், அயோனியத் தூண்கள். ஆனால் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பீடம், ஏற வழி முன்பக்கம் மட்டும், அது எட்ருஸ்கர் வழக்கம். பக்கவாட்டில் போய்ப் பாருங்கள், தூண்கள் பாதிதான், சுவரோடு ஒட்டியிருக்கின்றன, ஒரு கல்லும் தாங்கவில்லை, சும்மா அழகுக்கு. கல்லும் உள்ளூர்க் கல், மேலே சாந்து பூசிப் பளிங்கு மாதிரி காட்டியிருக்கிறார்கள். முதல் கோயில் வாங்கியது, இரண்டாவது கோயில் தைத்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிட நடைகூட இல்லை. இதற்காக மட்டுமே அந்தக் கைடுக்கு முழு மார்க் போடுவேன்.

இதே திடலில்தான் கி.மு. 264இல் ரோமின் முதல் கிளாடியேட்டர் சண்டை, ஒரு பெரிய மனிதரின் ஈமச்சடங்கில் மகன்கள் நடத்தியது, மூன்று ஜோடி. இது எட்ருஸ்கர் கொடுத்தது என்றார் கைடு, முடிந்த முடிவாக. தெற்கே பேஸ்தும் கல்லறை ஓவியங்களில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே இந்த மாதிரிச் சண்டை இருக்கிறது, அங்கிருந்துதான் வந்தது என்பவர்கள் நிறையப் பேர்.

பாலத்திலிருந்து பெரிய கழிவுநீர் வாய்க்காலின் வாய் தெரிந்தது. அப்புறம் டைபர் தீவு. கி.மு. 293இல் கொள்ளைநோய் வந்து, கிரேக்கத்தின் எபிடாரஸுக்கு ஆள் அனுப்பி மருத்துவக் கடவுளின் பாம்பைக் கப்பலில் கொண்டுவந்தார்கள், அது தானே இந்தத் தீவுக்கு நீந்திப் போய் இடம்பிடித்தது என்று கதை. தீவின் ஓரத்தில் கப்பல் வடிவத்தில் செதுக்கிய கல் இன்னும் மிச்சம் இருக்கிறது, கோலில் பாம்பு சுற்றிய அடையாளத்தோடு. படி இறங்கிப் போக வேண்டும், வழுக்கும், நல்ல செருப்பு போடுங்கள். தீவில் இன்றைக்கும் ஆஸ்பத்திரி நடக்கிறது.

என் பெரிய குறை வேனும் ரேடியோவும் அல்ல. சண்டைபோட்ட பக்கத்துக்காரர்கள் இந்த டூரில் இல்லவே இல்லை. ரோமப் போர்வீரன் இடுப்பில் தொங்கியது ஸ்பெயின் வாள், உடம்பில் போட்ட வளையக் கவசத்துக்கு மூலம் என்று ரோமர்களே வடக்கே வாழ்ந்த 'கால்' (Gaul) இனத்தாரைத்தான் சொன்னார்கள், ஒரு காலத்தில் ரோமையே சூறையாடிய அதே இனம். கடற்படை கட்டியது பிடிபட்ட கார்தேஜ் கப்பலைப் பிரித்துப் பார்த்து என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். கி.மு. 146இல் கார்தேஜைத் தரைமட்டமாக்கினார்கள், நூலகங்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள், ஒன்றை மட்டும் செனட்டே உத்தரவு போட்டு லத்தீனில் மொழிபெயர்க்க வைத்தது: மாகோ எழுதிய விவசாய நூல், 28 பகுதி. ஊரை எரித்தவர்களுக்கு அந்த ஊர்க்காரன் திராட்சை நட்ட விதம் தேவைப்பட்டது. இதைச் சொல்லாமல் என்ன டூர்? கேட்டதற்கு "காட்டுவதற்கு இடமில்லை" என்றார். நியாயம்தான், ஆனால் வேனுக்குக் காத்திருந்த 40 நிமிடத்தில் வாயால் சொல்லியிருக்கலாமே.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். வேன் ஒழுங்காக வந்திருந்தால் நாலரை. வரலாறு கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு, நடக்கச் சலிக்காதவர்களுக்கு நல்லது. சின்னக் குழந்தைகளோடு வேண்டாம். பணம் மிச்சம் பிடிக்க நினைத்தால் வில்லா ஜூலியாவும் அந்த இரண்டு கோயில்களும் மட்டும் தனியாகப் போய்வாருங்கள், பாதிக்கு மேல் கிடைத்துவிடும்.

கடைசி நிறுத்தம் செஸ்தியஸ் பிரமிடு. எகிப்தை அகஸ்டஸ் பிடித்த பிறகு ரோமில் எகிப்து மோகம் தலைக்கேறியிருந்த நேரம், செஸ்தியஸ் என்ற பணக்காரர் தன் கல்லறைக்கு ஒரு பிரமிடே கட்டச் சொல்லிவிட்டார். 36 மீட்டர் உயரம், 330 நாளில் முடித்ததாக அதிலேயே பொறித்திருக்கிறது. கீஸா பிரமிடுகளை விடச் சரிவு செங்குத்து. உள்ளே கான்கிரீட், வெளியே வெள்ளைப் பளிங்கு. கைடு அதன் கோணத்தைப் பற்றி ஆர்வமாக ஆரம்பித்தார், ஆனால் அதற்குள் எல்லோருக்கும் கால் கழன்றுவிட்டது. அந்தத் தம்பதி மட்டும் கையைத் தூக்கினார்கள். கேள்வி என்னவென்று எங்களுக்குத் தெரியும். கைடு சிரித்துக்கொண்டே எதிரே இருந்த மெட்ரோ நிலையத்தைக் காட்டினார்: "பி லைன், இங்கிருந்து இரண்டாவது ஸ்டேஷன்."